மர ஸ்லெட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி, பட்டையில் துரு: தேவகோட்டையிலிருந்து ஒரு சந்தேகம்

வளவுக்கதவு:
ஜெர்மனியில வாங்கின பனிச்சறுக்கு வண்டி ஒண்ணு, மர ஸ்லெட், ரெண்டு வருஷமா எங்க வீட்டு இரண்டாங்கட்டு அறையில இருக்கு. நீளம் 110 செ.மீ. உட்கார அஞ்சு ரீப்பர், ரெண்டு சறுக்குக்கால், காலுக்கு அடியில இரும்புப் பட்டை. பக்கத்துல மூங்கில் ஏணியும் பழைய கூடைகளும் கிடக்கு. இப்ப அடியில வெள்ளைப் பொடி கொட்டுது. ஒரு கால்ல குண்டூசித் தலை அளவுக்கு ஏழெட்டுத் துளை. பட்டை முழுக்கத் துரு, ஆத்தங்குடிக் கல்லுல கோடே விழுந்துருச்சு. கார்த்திகையில தம்பி குடும்பம் மியூனிக் போறப்ப எடுத்துட்டுப் போறாங்க. பிள்ளைகள் ஏறி ஓட்டணும். துளையில மண்ணெண்ணெய் விட்டாப் போதுமா? வளவுத் தூணெல்லாம் பர்மா தேக்கு, அதுக்கும் பரவுமா?

உளிச்சத்தம்:
ஆச்சி, முதல்ல அந்தப் பொடியை விரல்ல தேச்சுப் பாருங்க. மைதா மாதிரி வழவழன்னு இருக்கா, கசகசா மாதிரி மணிமணியா உருளுதா? மணியா இருந்தா அது உலர்மரக் கரையான் கழிவு, வைத்தியம் வேற. மரத்தோட ரேகை எப்படி இருக்குன்னும் சொல்லுங்க.

வளவுக்கதவு:
மைதாவேதான். மண் பூச்சு எங்கயும் இல்லை. மரத்துல நெடுகக் கோடு, கோட்டை ஒட்டி ஊசியால குத்தின மாதிரி நுண்துளை வரிசை.

உளிச்சத்தம்:
மைதான்னா அது பொடி வண்டு, மரத்தைத் தின்னுற பூச்சி. கோட்டைப் பார்த்தா மரம் ஆஷ். ஸ்லெட்டுக்கு ஆஷ் இல்லாட்டி பீச் போடுவாங்க. பீச்ல இந்தத் துளை வரிசை கண்ணுக்குத் தெரியாது, பழுப்புக் கீற்றுதான் இருக்கும். ஆஷ் நல்லா வளையும், அடி தாங்கும். ஆனா நுண்துளை பெருசு, மாவுச்சத்தும் உண்டு. பொடி வண்டு அந்தத் துளைக்குள்ளதான் முட்டை வைக்கும். மூங்கிலும் அதுக்குப் பிடிச்ச தீனி. ஏணியிலிருந்தும் வந்திருக்கலாம், வாங்கும்போதே உள்ள இருந்திருக்கலாம்.

மண்ணெண்ணெய் வேண்டாம். வெளியே தெரியிற துளை வண்டு வெளியேறின வாசல். தின்னுக்கிட்டு இருக்கிற புழு வேற பக்கம், மூடின மரத்துக்குள்ள இருக்கு, அங்க எண்ணெய் போய்ச் சேராது.

இன்னும் உயிரோட இருக்கான்னு பார்க்க, வண்டியைத் துடைச்சு, துளையைப் பென்சிலால வட்டம் போட்டு, அடியில கறுப்புச் சார்ட் பேப்பர் விரிச்சு மூணு வாரம் ஆட்டாம விடுங்க. ஆட்டினா பழைய பொடியும் கொட்டி ஏமாத்தும்.

மொட்டைமாடி:
எதுக்கு இவ்வளவு? சித்திரை வெயில்ல கறுப்புப் பாலிதீன் சுத்தி மாடியில போட்டா ரெண்டே நாள்ல செத்துரும்.

உளிச்சத்தம்:
மரக்கட்டில்னா முயற்சி பண்ணலாம் அண்ணே. இது நீராவியில வளைச்ச கால். ஒரு பக்கம் மட்டும் காய்ஞ்சா முனை பிரியும், மூட்டுக் கழுந்து இளகும். மேல்தோல் சுட்டாலும் நடு மரம் எவ்வளவு சூடாச்சுன்னு தெரியாது. இந்த வண்டிக்குக் குளிர்தான் சரி, பனிக்குன்னே செஞ்சது.

ஐஸ்கிரீம் கடையில இருக்கிற மேல்திறப்பு ஃப்ரீசர் உள்ளளவை டேப் வச்சுப் பாருங்க, சாய்ச்சு வச்சா 110 செ.மீ. பலதுல அடங்கும். தடிமன் பாலிதீன்ல ரெண்டு சுற்று, காத்தை அமுக்கி வெளியேத்தி, ஓரமெல்லாம் டேப். மைனஸ் 18 டிகிரியில 14 நாள், நடுவுல எடுக்காம. எடுத்ததும் பிரிச்சுராதீங்க. ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கணும். நம்ம ஊர்க் காத்துல நீர் கோத்து வழியும், அது பாலிதீன் மேல வழியட்டும், மரத்துல வேண்டாம்.

குளிர் இப்ப இருக்கிறதைக் கொல்லும், நாளைக்கு வர்றதைத் தடுக்காது. அதனால நுண்துளையை மூடுற பூச்சு வேணும். ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. முத்தா நின்னா வார்னிஷ் நல்லா இருக்கு. மரம் கறுத்தா அங்க பூச்சு போயிருச்சு. வழக்கமா ரீப்பரோட அடிப்பக்கமும் வெட்டுமுனையும்தான் போயிருக்கும்.

பூச்சு போன இடத்தை 150 நம்பர் உப்புத்தாள்ல தேச்சு, 1 லிட்டர் வெந்நீருக்கு 60 கிராம் வெங்காரம், 40 கிராம் போரிக் ஆசிட் கரைச்சு மூணு தடவை தடவுங்க, ஒண்ணு காயறதுக்குள்ள அடுத்தது. கையுறை போடுங்க, பிள்ளைகள் கிட்ட வர வேண்டாம். வார்னிஷ் மேல தடவினா உள்ள இறங்காது. ஒரு வாரம் நிழல்ல காயட்டும். இந்த உப்பு தண்ணியில கரைஞ்சு போயிடும், பனி ஈரம் படுமே, அதனால மேல வெளிப்புற வார்னிஷ் ரெண்டு கோட்டாவது கட்டாயம்.

எண்ணெய்ப் பூச்சுதான் பிடிக்கும்னா முழு வார்னிஷையும் சுரண்டணும். டபுள் பாயில்ட் லின்சீட் ரெண்டு பங்கு, டர்பன்டைன் ஒரு பங்கு. தடவி 20 நிமிஷத்துல மிச்சத்தைத் துடைச்சிரணும், இல்லாட்டி பிசுபிசுப்பு போகவே போகாது. தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் காயாது, தூசிதான் ஒட்டும். துடைச்ச துணியைக் கசக்கி மூலையில எறிஞ்சா தானே தீப்பிடிக்கும். தண்ணியில நனைச்சு விரிச்சுக் காயப்போடுங்க.

பட்டறைத்தம்பி:
துருவுக்கு: திருகைக் கழட்டிப் பட்டையைத் தனியா எடுங்க. 120, 240, 400 தாள் வரிசையா, நீளவாக்குல மட்டும். குறுக்கே தேச்சா கீறல் பனியில இழுக்கும். மாட்டும்போது திருகுத் தலை பட்டைக்குள்ள அமிழணும், துருத்தினா பிரேக்தான். திருகுத் துளை இளகியிருந்தா தேக்குக் குச்சியில ஈரம் தாங்குற பசை தடவி அடிச்சு, காய்ஞ்சதும் புதுசா துளை போடுங்க. பித்தளைத் திருகு வேண்டாம், ஈரத்துல சுத்தி இருக்கிற இரும்பு சீக்கிரம் அரிக்கும்.

இங்க வைக்கிறப்பப் பட்டைக்கு வாஸ்லின் மெல்லிசாப் போதும். மெழுகு இப்பத் தேய்க்காதீங்க, நம்ம வெயில்ல இளகித் தூசி பிடிக்கும். அங்க போனதும் வாஸ்லினைத் துடைச்சுட்டு வெள்ளை மெழுகுவத்தியைத் தேய்ச்சா ஓடும்.

ஆத்தங்குடிக் கல்லுல எலுமிச்சை, ஆசிட் எதுவும் ஊத்திராதீங்க. சிமெண்டுப் பூச்சு, கறையோட நிறமும் போயிரும்.

வளவுக்கதவு:
ஃப்ரீசருக்குச் சொல்லிட்டேன். துளை விழுந்த கால் பிள்ளைகள் பாரம் தாங்குமா?

உளிச்சத்தம்:
கூர் தமரூசியால துளை இருக்கிற இடம் முழுக்க அழுத்திப் பாருங்க, வளைவுல கூடுதலா. டக்டக்னு நின்னா சரி. 3 மி.மீ. சாதாரணமா இறங்கினா அந்தக் காலோட ஓட்டக்கூடாது. தோல் நல்லா இருக்கும், உள்ள உளுத்துப் போயிருக்கும். துளையை மரப்புட்டி வச்சு அடைக்கிறது அழகுக்குத்தான், பலம் வராது. ரீப்பர் போயிருந்தா தேக்குல மாத்தலாம். வளைஞ்ச காலை மட்டும் தேக்குல அறுத்துப் போடாதீங்க, ரேகை வெட்டுப்பட்டு வளைவுல முறியும்.

தூணைப் பத்திக் கவலை வேண்டாம். இந்த வண்டு வைரத்தை, அதாவது முத்தின நடு மரத்தைத் தொடாது. தேக்குச் சாமான்ல வெள்ளை ஓரம் விட்டிருந்தா அதை மட்டும் தின்னும். ஏணியைத்தான் முதல்ல வெளியேத்தணும்.

பட்டறைத்தம்பி:
கிளம்புற வரைக்கும் தரையில வைக்காதீங்க. உத்தரத்துல ரெண்டு நாடா போட்டு, முன்னாடியும் பின்னாடியும் ரீப்பருக்கு அடியில தாங்கித் தொங்கவிடுங்க, வளைஞ்ச முனையில மாட்டாதீங்க. சுவர்லயும் சாய்க்க வேண்டாம், முட்டைச் சுண்ணாம்புல துரு பட்டா விடாது. ஐப்பசி மழைக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டா வேர்த்துரும், பருத்தி வேட்டி போதும். மியூனிக் போனதும் ஹீட்டர் இருக்கிற அறையில வைக்காம நிலவறையில ரெண்டு மூணு வாரம் விடச் சொல்லுங்க, நம்ம ஊர் ஈரம் மெதுவா இறங்கட்டும். அப்புறம் திருகெல்லாம் ஒரு சுத்து முடுக்கிட்டு ஓட்டலாம்.