தாலி கட்டும் நேரத்தைப் படம் எடுக்கத் தெரியாதவர்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காட்பாடித் தங்கை:

அக்காவுக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அன்று மணவறையில் விழுந்த ஒரு சொல் இன்னும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை.

காட்பாடியில்தான் மண்டபம். 4.30 முதல் 6 மணி வரை முகூர்த்தம். எங்களிடம் பேசி முன்பணம் வாங்கியவர் ஒருவர். முதல்நாள் இரவு வரவேற்புக்கு வந்தவர் இன்னொருவர். விடியற்காலையில் மணவறை முன்னால் நின்றதோ அதுவரை நாங்கள் பார்த்திராத ஒரு பையன். கெட்டிமேளம் கொட்டுகிறது, எல்லோரும் அட்சதை போடுகிறோம், அந்தப் பையன் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஃபிளாஷ் எரியவில்லை. அதற்குள் நாத்தனார் மூன்றாம் முடிச்சைப் போட்டுவிட்டார். மேளம் நின்றதும் அக்காவைக் கட்டிய மாமாவைப் பார்த்துச் சொன்னான்: "சார், அதைக் கழற்றி இன்னொரு முறை கட்டுகிற மாதிரி பிடியுங்கள்."

கட்டி ஒரு நிமிடம் ஆகாத தாலியைக் கழற்றச் சொல்கிறான். ஆயா காதைப் பொத்திக்கொண்டார். அம்மா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒன்றும் பேசாமல் தாலியை உள்ளங்கைக்குள் வைத்து இறுக்க மூடிக்கொண்டாள். அந்த நொடியில் ஃபிளாஷ் எரிந்தது.

ஆக, மாங்கல்யதாரணத்துக்கு எங்களிடம் இருக்கும் ஒரே படம் என் அக்காவின் மூடிய கை. ஆல்பத்தில் அதைச் சேர்க்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

—

ஆம்பூர் அண்ணன்:

சகோதரி, அந்தப் பையன் தெரியாமல் பேசிவிட்டான். எங்களுக்கு நடந்தது தெரிந்தே செய்தது.

தங்கையின் நிக்காஹ். பெண்கள் கூடத்துக்குப் பெண் ஒருவர்தான் கேமராவோடு வரவேண்டும் என்று முதல் நாளிலிருந்தே சொல்லி, அதற்காக 8,000 ரூபாய் கூடுதலாகவும் கொடுத்தோம். அன்று பெண்ணின் சார்பாகப் பேசும் வக்கீலும் சாட்சிகளும் மணப்பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிய சிறிது நேரத்தில், தலைக்கு மேல் விளக்கைப் பிடித்தபடி ஓர் ஆண் உள்ளே நுழைந்துவிட்டார். நூறு பெண்கள் ஒரே நேரத்தில் முந்தானையை இழுத்த சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் வெளியேறிய பிறகும் வெகுநேரம் அம்மா முகத்தைத் திருப்பவே இல்லை.

பெண் கேமராக்காரருக்கு உடல்நிலை சரியில்லையாம். அதை முதல்நாளே சொல்லியிருந்தால் தங்கையின் தோழிகளே கைப்பேசியில் எடுத்திருப்பார்கள். தன் திருமண ஆல்பத்தில் தங்கை பார்ப்பது முழுக்க முதுகுகளைத்தான்.

—

குடியாத்தம் கேமராக்காரர்:

22 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. ஆவணி, தை, வைகாசி வந்தால் ஒரே நாளில் இந்த ஊரிலேயே எத்தனை மண்டபங்களில் மேளம் கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வருடத்து வருமானம் அந்தச் சில நாட்களில்தான். மூன்று திருமணத்துக்கு முன்பணம் வாங்கிவிட்டு, இரண்டுக்கு நாள்கூலிக்குப் பையன்களை அனுப்புகிறார்கள். கேமரா பிடித்து ஆறு மாதம்கூட ஆகாத பையன்கள். காட்பாடிச் சகோதரி சொன்ன பையன் முதல்நாள் மாலையிலிருந்து வேறொரு மண்டபத்தில் நின்றுவிட்டு நேராக வந்திருப்பான். இரவு முழுக்க எரிந்த ஃபிளாஷில் பேட்டரி தளர்ந்தால், ஒருமுறை எரிந்தபின் மறுமுறை எரியப் பல நொடிகள் எடுக்கும். சூடேறினால் தானாகவே நின்றுவிடும். முகூர்த்தத்துக்கு முன் புது பேட்டரி போட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவனைத் திட்டாதீர்கள், அனுப்பியவரைத் திட்டுங்கள். குறைந்த கூலிக்கு யார் வருவார்கள் என்று தேடும் வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு.

நானும் தவறு செய்தவன். 2011 வைகாசியில் மேல்பட்டிப் பக்கம் ஒரு திருமணம். அப்போது என் கேமராவில் ஒரே மெமரி கார்டுதான் போட முடியும். முகூர்த்தப் படங்கள் இருந்த கார்டைக் கணினியில் ஏற்றிவிட்டதாக நினைத்து, அடுத்த வேலைக்காக அழித்துவிட்டு அதன்மேலேயே புதிய படங்களை எடுத்துவிட்டேன். பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் நைனா (அப்பா) திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு உள்ளே திரும்பி, "வெயிலில் வந்திருக்கிறார், மோர் கொண்டுவா" என்றார். மோரைக் கொண்டுவந்து கொடுத்தது அந்த மணப்பெண்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குடித்தேன். கத்தியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

—

காட்பாடித் தங்கை:

அண்ணா, உங்கள் மோர்ச் சொம்பை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் கூலியைக் குறைத்தோம் என்று எங்களைச் சொல்லாதீர்கள். 65,000 கேட்டார், 65,000 கொடுத்தோம். சீட்டுப் பணத்தை எடுத்து நைனா கொடுத்தார். அதில் அந்தப் பையனுக்கு எவ்வளவு போயிற்று என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன்.

—

சத்துவாச்சாரி ஓய்வூதியர்:

என் கதை சிறியது. மகன் திருமணம் முடிந்து பதினான்கு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. அதில் சம்பந்தி வீட்டார் ஒருவர்கூட இல்லை. அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? போகட்டும். இனி திருமணம் செய்யவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கடையில் காட்டும் ஆல்பத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது பத்துத் திருமணங்களில் பொறுக்கிய படங்களாக இருக்கும். ஒரே திருமணத்தில் எடுத்த எல்லாப் படங்களையும், தொடக்கம் முதல் பந்தி வரை, காட்டச் சொல்லுங்கள். மண்டபத்து உட்புற வெளிச்சத்தில், விடியற்காலையில் எடுத்தவையாக இருக்கட்டும். வேலூர்க் கோட்டை அகழி ஓரத்தில் மாலை வெயிலில் மணமக்களை நிறுத்தினால் யார் எடுத்தாலும் அழகாகத்தான் வரும். ஓமப் புகைக்கு நடுவே, ஐம்பது பேர் முதுகுக்குப் பின்னால் நின்று எடுப்பதில்தான் தொழில் தெரியும்.

இரண்டு கேள்விகள் கேளுங்கள். கேமராவில் ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் பதிவாகுமா என்பது முதலாவது. குடியாத்தத்துக்காரருக்கு நேர்ந்ததைத் தடுப்பதில் அது பாதிதான். வீட்டுக்குப் போனதும் இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் எடுத்து, அதைச் சரிபார்க்கும்வரை கார்டை அழிக்கக் கூடாது. ஒருவேளை தவறி அழித்துவிட்டால், அந்தக் கார்டில் அதற்குமேல் ஒரு படம்கூட எடுக்காமல் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். மேலே புதிதாக எதுவும் பதியாதவரை மீட்க வாய்ப்பு உண்டு. இரண்டாவது கேள்வி, மேடையில் மின்னும் எல்.இ.டி. விளக்குகளைப் பற்றி. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான விளக்குகள் அதற்கேற்ப நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரத்தை, கண்டபடி வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். நொடியில் 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு என்று வைத்துப் பார்ப்பேன் என்று சொல்பவர் விஷயம் தெரிந்தவர். விழிப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். நேரில் யார் வருவார் என்ற பெயரோடு, அவர் வர முடியாவிட்டால் எத்தனை நாள் முன்பாகச் சொல்ல வேண்டும் என்பதோடு, ஆல்பம் தரும் தேதியோடு. கடைசித் தவணையை ஆல்பம் கைக்கு வந்தபின் கொடுங்கள். படங்கள் யாருக்குச் சொந்தம் என்று பலருக்குத் தெரிவதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். மூலப் படங்களைத் தரமாட்டோம் என்று மிரட்டினால் இதைச் சொல்லுங்கள். சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். காட்பாடிப் பெண்ணே, உனக்கு மூன்று ஆண்டு கடந்துவிட்டது, அதுதான் என் வருத்தம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

ரசீது இல்லாமல் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

—

அணைக்கட்டு மகள்:

ஐயா, நீங்கள் சொன்ன எல்லாமே எங்களிடம் இருந்தன. ஒப்பந்தம், ரசீது, இரண்டு கேமரா, இரண்டு கார்டு. தேதி தவறாமல் ஆல்பமும் வந்தது. கையெழுத்திட்ட காகிதத்தில் என் நிறத்தைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

நான் கறுப்பு. நைனாவின் நிறம். ஆல்பம் வந்த அன்று நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடியில் வைத்து விரித்தார். முதல் பக்கத்தில் மாலையோடு ஒரு பெண். நைனாவின் விரல் அந்த முகத்தின் மேல் நின்றது. "இது யாரம்மா?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நெற்றிச்சுட்டியைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார். என் முகத்தைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து, கன்னத்து மச்சத்தையும் துடைத்து எடுத்திருந்தார்கள். பக்கத்தில் நிற்கும் நைனாவை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். மகளும் தகப்பனும் வெவ்வேறு வீட்டு மனிதர்கள்போல் நிற்கிறோம்.

கேட்டதற்கு, "எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் செய்கிறோம், யாரும் குறை சொன்னதில்லை" என்றார்கள். ஒரு கறுத்த முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும், அதை எந்தப் பக்கத்திலிருந்து விழவைக்க வேண்டும் என்று தெரியாதவர்கள், வெளுத்துக் கொடுப்பதைத் திறமை என்று விற்கிறார்கள். திருத்தாத படங்களைக் கேட்டு வாங்கினேன். பத்தை மட்டும் வேலூரில் அச்சிட்டு நைனாவிடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெரிய ஆல்பம் பரணில் கிடக்கிறது.

—

வாலாஜா வாசி:

எங்கள் திருமணம் 1996இல். எடுத்தவர் வாலாஜாவில் சிறிய கடை வைத்திருந்த பெரியவர். பிலிம் சுருளில் 36 படம்தான், ஒவ்வொன்றுக்கும் காசு. முதல்நாள் மாலையே வந்து அம்மாவிடம் உட்கார்ந்து, உங்கள் வீட்டில் நலங்கு முதலா, காப்பு முதலா, தாய்மாமன் சீர் எப்போது என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். முகூர்த்தத்தில் அவர் மணமக்களைவிட நாதஸ்வரக்காரரைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிமேளத்துக்குப் புரோகிதர் கை காட்டுவதற்கு முன்பே புதுச் சுருளை மாற்றிக்கொண்டு தயாராகிவிட்டார். தாலி கட்டுவதற்கு ஐந்து படம். ஐந்தும் விழுந்தன. இன்றைக்கு இரண்டாயிரம் படம் எடுக்கிறார்கள், வரிசை தெரியாமல்.

—

குடியாத்தம் கேமராக்காரர்:

வாலாஜா அண்ணா, அந்தக் காலத்திலும் எல்லோரும் அந்தப் பெரியவராக இருக்கவில்லை. சுருள் முடிந்துவிட்டது என்று நினைத்து மூடியைத் திறந்து, மொத்தத்தையும் வெளிச்சத்தில் கெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது கழுவி வரும்வரை யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் முதல்நாள் மாலை வந்து கேட்டார் என்றீர்களே, அதை ஒப்புக்கொள்கிறேன். என் ஆசான் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அதுதான். நான் என் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தவறிவிட்டேன். நாயுடு வீட்டு வரிசை வேறு, முதலியார் வீட்டு வரிசை வேறு, நிக்காஹ் வேறு. அணைக்கட்டுத் தங்கைக்கு ஒன்று: முகத்தை வெளுக்க வேண்டாம் என்று ஒரு மணப்பெண்கூட என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இந்த ஆவணி முதல் கேட்பேன்.

—

ஆம்பூர் அண்ணன்:

ஓய்வூதியர் ஐயா, எங்களுக்கு இன்னும் ஏழு மாதம் மீதி இருக்கிறது. 8,000 ரூபாய்க்காக இல்லை, அம்மாவுக்காகப் புகார் கொடுக்கலாம் என்று தங்கை சொல்கிறாள். கைப்பேசியில் வந்த குறுஞ்செய்திகள் ஆதாரமாகுமா? "லேடி வருவார்" என்று அவர்கள் அனுப்பியது அப்படியே இருக்கிறது.

—

சத்துவாச்சாரி ஓய்வூதியர்:

எதையும் அழிக்காதீர்கள் தம்பி. தேதி தெரியும்படி அச்சிட்டுக்கொள்ளுங்கள், கைப்பேசியையும் மாற்றாதீர்கள். பணம் அனுப்பிய வங்கிக் கணக்குப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு செய்து ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். வரைவு எழுத உதவி வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன்.

—

காட்பாடித் தங்கை:

தை மாதத்தில் எனக்குப் பார்த்திருக்கிறார்கள். படம் எடுக்க யார் வந்தாலும் முதல்நாள் மாலை அம்மாவிடம் வந்து உட்கார வேண்டும் என்று நைனாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இதையெல்லாம் படித்த பிறகு நேற்று இரவு அக்காவின் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். மூடிய கை, விரல் இடுக்கில் மஞ்சள் கயிறு, மருதாணி நன்றாகச் சிவந்திருக்கிறது. பின்னால் மாமாவின் கை அவள் தோளுக்குப் பாதி தூரம் வந்து நிற்கிறது. இத்தனை நாளும் அதை நான் கவனித்ததே இல்லை. அக்காவுக்கு அனுப்பி, ஆல்பத்தில் சேர்க்கலாமா என்று கேட்டேன். "எனக்குச் சரி, அம்மாவைக் கேள்" என்றாள். இன்னும் கேட்கவில்லை.