கெட்டிலில் வெள்ளைப் படிவு: சாஃப்ட்னர் வாங்கணுமா?

ஈசூன் கலா:
சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிகிறது, குளியலறைக் கண்ணாடியிலும் திட்டுத் திட்டாக. வீட்டுக்கு வந்த விற்பனையாளர் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் கருவி) காட்டினார். அப்புறம் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டார், கண்ணெதிரே பழுப்பாகிவிட்டது! தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க, உப்பு போட்டு ஓட்டும் சாஃப்ட்னரை வீடு முழுவதற்கும் போடச் சொல்கிறார். மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு வேறு. வாங்கலாமா?

குழாய்க்காரன்:
கம்பி வித்தை ரொம்பப் பழசு. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பிதான் கரைந்து துருவாக வருகிறது. டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்புகளை மொத்தமாகத்தான் காட்டும். கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அந்த இரண்டும்தான் கடினத்தன்மைக்குக் காரணம். மீன் தொட்டிக் கடையில் ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை) சோதனைச் சொட்டு மருந்து வாங்குங்கள். ஒரு டிகிரி என்றால் கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம். 60க்குக் கீழே மென்னீர், 120 வரை மிதம், 180க்கு மேல் போனால்தான் மிகக் கடினம். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தண்ணீர்த் தர அறிக்கையிலும் கடினத்தன்மை போட்டிருக்கும்.

ஈசூன் கலா:
4 டிகிரி வந்தது. அப்படியானால் ஏன் படிகிறது?

குழாய்க்காரன்:
72தானே, மிதம். கொதிக்கும்போது பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும், அவ்வளவுதான். மிச்சத் தண்ணீரைக் கொட்டாமல் மேலே மேலே ஊற்றிக் கொதிக்க வைத்தால் இன்னும் சேரும். அரை கெட்டில் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டுச் சூடாக்கி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். கண்ணாடியைக் குளித்ததும் வழித்து விட்டால் போதும்.

திருச்சி மாப்பிள்ளை:
ஊரில் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீருக்கு சாஃப்ட்னர் இல்லாமல் முடியாது, சோப்பு நுரைக்கவே நுரைக்காது. இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை 200 வரை ஏற்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. உங்கள் 72க்கு எதற்கு அந்தச் செலவு? சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும். கொதிப்பு உள்ளவர் வீட்டில் போட்டே ஆகவேண்டும் என்றால் சமையலறைக் குடிநீர்க் குழாயையாவது அதில் சேர்க்காதீர்கள். இன்னொன்று, வெறும் கார்பன் ஃபில்டர் வாங்கினால் வாடை குறையும், கடினம் குறையாது. விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

ஈசூன் கலா:
சரி, வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சிட்ரிக் அமிலம் எங்கே கிடைக்கும்?

குழாய்க்காரன்:
கேக் சாமான் கடையில். பிளீச்சோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.