ஆடிட்டர் ஆபீஸ் மேக்ரோவைப் பைத்தானில் திரும்ப எழுதலாமா?

கணக்குப்பிள்ளை:
ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். மாதாமாதம் 14ஆம் தேதி, சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி வரும், 20க்குள் மாத ரிட்டர்னான 3பி போட்டாக வேண்டும். இடையில் உள்ள ஐந்தாறு நாளில் நாற்பது பார்ட்டிகளின் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை 2பியோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். எனக்கு முன் இருந்த அண்ணன், எக்செல்லோடு வரும் விபிஏ மொழியில் எழுதிவைத்த மேக்ரோதான் இத்தனை நாளும் இந்த வேலையைச் செய்தது. அவர் துபாய் போய்விட்டார். போன மாதம் 'ரன்டைம் எரர் 1004' என்று நின்றுவிட்டது, அப்புறம் இரண்டு ராத்திரி கையால்தான் டிக் அடித்தோம். மூன்று மாதமாகப் பைத்தான் படிக்கிறேன். அதில் புதிதாக எழுதிவிடலாமா? சீனியர் வேண்டவே வேண்டாம் என்கிறார்.

பாம்பாட்டி:
யோசிக்காமல் எழுதுங்கள். இரண்டு பட்டியலை ஜிஎஸ்டி எண், பில் எண் இரண்டையும் வைத்துச் சேர்ப்பது பைத்தானின் அட்டவணை லைப்ரரியான பாண்டாஸில் ஒரே வரி. நாற்பது கோப்பையும் ஒரு ஃபோல்டரில் போட்டால் தானே எடுத்துக்கொள்ளும். மேக்ரோ ஒர்க்புக்குக்குள்ளேயே குடியிருப்பதால் கோப்பை நகல் எடுக்கும்போதெல்லாம் நிரலும் நகலாகும். உங்கள் ஆபீசில் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ 2' எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய மேக்ரோ:
தம்பி, உன் சீனியர் பக்கம்தான் நான். 1993இல் எக்செல் 5இல் வந்தது விபிஏ, இன்றைக்கும் ஓடுகிறது. ஆல்ட்டும் எஃப்11ம் அழுத்தினால் நிரல் கண்முன் நிற்கும், எதையும் நிறுவ வேண்டாம். பைத்தான் என்றால் எந்தப் பதிப்பு, எந்தெந்த லைப்ரரி, வைரஸ் தடுப்பான் விடுமா என்று ஒவ்வொரு கணினியிலும் ஒரு பஞ்சாயத்து. அந்த அண்ணன் போனதுதான் உங்கள் பிரச்சினை, அவர் எழுதிய மொழி அல்ல. நாளைக்கு நீயும் துபாய் போனால் உன் பைத்தானை யார் பார்ப்பது?

பாம்பாட்டி:
எதையும் நிறுவ வேண்டாம் என்பது பழைய கதை அண்ணா. 2022 ஜூலையிலிருந்து இணையத்திலோ மின்னஞ்சலிலோ வந்த கோப்பின் மேக்ரோவை ஆபீஸே தடுக்கிறது, சிவப்புப் பட்டை ஒன்று வந்து நிற்கும். அதைத் தாண்ட எல்லோரும் ப்ராப்பர்ட்டீஸில் போய் 'அன்பிளாக்' அடிக்கப் பழகிவிட்டார்கள், அது நல்ல பழக்கமா?

பழைய மேக்ரோ:
நம்பகமான ஃபோல்டர் என்று ஒன்றைக் குறித்து அதில் வைத்தால் முடிந்தது. எக்செல் கோப்பைப் படித்து எழுதும் உங்கள் பைத்தான் லைப்ரரி ஓபன்பைஎக்செல் செய்த வேலையைச் சொல்லவா? எங்கள் இடத்தில் ஒரு பையன் கிளையன்ட்டின் ஒர்க்புக்கை அதில் திறந்து சேமித்தான், வரைந்துவைத்த அம்புக்குறிகள் எல்லாம் காணோம். மதிப்பு மட்டும் படிக்கும் டேட்டா_ஒன்லியைப் போட்டுவிட்டு அதே பெயரில் சேமித்திருக்கிறான், ஃபார்முலா ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பாம்பாட்டி:
அது நடக்கும், மறுக்கவில்லை. ஓபன்பைஎக்செல் எக்செல்லை ஓட்டுவதில்லை, கோப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்லை நேராகத் தொடுகிறது. அதற்குத் தெரியாத உருப்படிகள் திரும்ப எழுதும்போது விழுந்துவிடும். ஃபார்முலாவையும் அது கணக்கிடாது, எழுதிவைக்கும், அவ்வளவுதான். எக்செல்லையே ஓட்ட வேண்டும் என்றால் பைவின்32 என்ற லைப்ரரி வழியாக விபிஏ பேசும் அதே ஆப்ஜெக்டுகளோடு பேசலாம். ஆனால் நிரல் நடுவில் செத்தால் கண்ணுக்குத் தெரியாத எக்செல் ஒன்று டாஸ்க் மேனேஜரில் உட்கார்ந்துகொண்டு கோப்பைப் பூட்டிவைத்திருக்கும், அதுவும் உண்மை.

புதுவரவு:
எக்செல்லுக்குள்ளேயே பைத்தான் வந்துவிட்டதே, 2023இல் அறிவித்தார்களே, அது போதாதா?

பாம்பாட்டி:
போதாது. அது மைக்ரோசாஃப்டின் கிளவுடில் ஓடுகிறது. உங்கள் கணினியின் ஃபோல்டரை அதனால் தொட முடியாது, நாற்பது கோப்பைச் சுற்றிவர அது ஆகாது.

டேலி அக்கா:
மொழிச் சண்டை இருக்கட்டும். கணக்குப்பிள்ளை, ரிஜிஸ்டர் சிஎஸ்வியாக, அதாவது கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக வருகிறதா? அதை டபுள் கிளிக் செய்துதானே திறக்கிறீர்கள்? அங்கேயே பாதி கெட்டுவிடும். 5/12 என்ற பில் எண்ணை எக்செல் தேதி என்று நினைத்து 05-டிச ஆக்கிவிடும், உள்ளே ஏதோ ஓர் ஐந்திலக்க எண்தான் இருக்கும். இதே தொல்லையால் 2020இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே மார்ச்1 என்ற ஜீனை மார்ச்எஃப்1 என்று மாற்றிக்கொண்டது, எக்செல் அப்போது மாறவில்லை! அதே ஆண்டு இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போனதற்கும் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புதான் காரணம், அதில் 65,536 வரிக்கு மேல் ஏறாது. எல்லாவற்றையும் எழுத்தாகவே படி என்று பாண்டாஸிடம் சொல்லலாம். மேக்ரோவிலும் டெக்ஸ்ட் இம்போர்ட் வைத்துச் செய்யலாம், ஆனால் உங்கள் அண்ணன் செய்திருப்பார் என்று தோன்றவில்லை.

பழைய மேக்ரோ:
இதைச் சொன்னீர்களே, சரி. ஆனாலும் தம்பி, முதலில் அந்த 1004ஐப் பார். பெரும்பாலும் நெடுவரிசை நகர்ந்திருக்கும், அதை அந்த அண்ணன் நிரலில் எண் போட்டுக் குறித்திருப்பார்.

கணக்குப்பிள்ளை:
அண்ணா, பார்த்தேன். ரிஜிஸ்டரில் ஒரு நெடுவரிசை புதிதாக நுழைந்திருந்தது, 7ஐ 8 ஆக்கினேன், ஓடுகிறது. இந்த மாதம் இரண்டையும் ஓட்டுகிறேன். பைத்தான் பழைய கோப்புகளைப் படிக்க மட்டும் செய்யும், முடிவைத் தனிக் கோப்பில் எழுதும். சீனியரும் அதற்கு ஒத்துக்கொண்டார்.

பழைய மேக்ரோ:
இரண்டும் வேறு வேறு சொன்னால் எதை நம்புவாய்?

கணக்குப்பிள்ளை:
எதையும் நம்பாமல் பில்லை எடுத்துப் பார்ப்பேன் அண்ணா.

கணக்குப்பிள்ளை:
21ஆம் தேதி. 3பி எல்லாம் போட்டாயிற்று. 11 வரிகளில் வித்தியாசம். அதில் 9 மேக்ரோவின் தப்பு, அக்கா சொன்ன அதே தேதிக் கதை. மீதி 2 என்னுடையது.

பழைய மேக்ரோ:
அந்த இரண்டு என்ன?

கணக்குப்பிள்ளை:
பில் எண்ணில் கோடு, எழுத்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டு எண்ணை மட்டும் ஒப்பிட்டேன். ஒரே சப்ளையர் ஏ/12, பி/12 என்று இரண்டு வரிசையில் பில் போட்டிருக்கிறார். இரண்டும் 12 ஆகிவிட்டது.