ஒலிம்பிக் தூர ட்ரையத்லன்: நீச்சலில் மூச்சு வாங்குது, சைக்கிளால இறங்கினா கெண்டைக்கால் பிடிக்குது

முரசுமோட்டை:
வணக்கம். 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். போட்டிக்கு இன்னும் 20 கிழமை இருக்கு. ஓட்டம் பரவாயில்லை, 10 கிலோமீற்றர் 55 நிமிசத்துக்குள்ள வரும். நீச்சலில 200 மீற்றர் தாண்ட முன்னமே மூச்சு வாங்குது. சைக்கிளால இறங்கி ஓடத் தொடங்கினா கெண்டைக்கால் பிடிக்குது. ஒரு கிழமை எல்லாம் நல்லாப் போகும், அடுத்த கிழமை கட்டிலால எழும்ப மனமே வராது. பக்கத்தில நீச்சல் தடாகம் இல்லை. குளத்தில நீந்தலாமா, முல்லைத்தீவுக் கடலுக்குத்தான் போகவேணுமா? எதை முதல்ல சரிப்படுத்துறது?

கரைவலை:
தம்பி, குளத்தை விடுங்கோ. வன்னிக் குளங்களில முதலை இருக்கு. அதைவிட, துருசுப் பக்கம், அதுதான் தண்ணி திறந்துவிடுற மதகு, தண்ணி உள்ள இழுக்கும். அடியில பட்ட மரமும் தாமரைக் கொடியும் கிடக்கும். நீச்சல் பழக அது இடமில்லை.

முல்லைத்தீவுக் கடல் வைகாசி தொடங்கி ஆவணி மட்டும் காலமையில பெரும்பாலும் அடக்கமா இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று தொடங்கினா தை முடியும்வரை இறங்கவேண்டாம். இறங்க முதல் அங்க வலை வைக்கிற ஆக்களிட்ட நீரோட்டம் எந்தப் பக்கம் எண்டு கேளுங்கோ, அவையளுக்குத்தான் அண்டண்டைய கடல் தெரியும். தனிய ஒருநாளும் வேண்டாம். கரையில ஒராள் நிக்கவேணும், இடுப்பில செம்மஞ்சள் மிதவை கட்டியிருக்கவேணும்.

மணலில 50 மீற்றர் அளந்து இரண்டு தடி நடுங்கோ. நெஞ்சளவு தண்ணியில, கரைக்குச் சமாந்தரமா, ஒரு தடியில இருந்து மற்றத் தடிக்கு. களைச்சா எழும்பி நிக்கலாம், அதால பயம் வராது.

200 மீற்றரில மூச்சு முட்டுறது உடம்புப் பலக் குறைவு இல்லை. 10 கிலோமீற்றர் ஓடுற ஆளுக்கு நெஞ்சு போதும். முகம் தண்ணிக்குள்ள இருக்கேக்க மூச்சை அடக்கி வைச்சிட்டு, தலையைத் திருப்பின பிறகு விடவும் இழுக்கவும் பார்த்தா நேரம் காணாது. முகம் உள்ள போன உடனேயே மூக்காலயும் வாயாலயும் குமிழி விட்டுக்கொண்டே இருங்கோ. திரும்பேக்க இழுக்கிற வேலை மட்டும் மிஞ்சும். மற்றது, முன்னுக்குப் பாக்கத் தலையைத் தூக்கினா இடுப்பும் காலும் தாழும், பிறகு உடம்பையே இழுத்துக்கொண்டு போறமாதிரித்தான். பார்வை நேர கீழ.

முதல் நாலு கிழமை 50 மீற்றர் 10 தரம், ஒவ்வொண்டுக்கும் 20 செக்கன் ஓய்வு. கடைசி 50 முதல் 50 மாதிரியே வந்தாப் பிறகு 100 மீற்றர் 8 தரம், அதுக்குப் பிறகு 300 மீற்றர் 4 தரம். கிழமைக்கு ஒருக்கா நீளமா நீந்துறதைவிட மூண்டு தரம் அரை மணித்தியாலம் நல்லது. திசை பாக்கிறதைக் கடைசி ஆறு கிழமையில பழகுங்கோ: ஆறு எட்டு வீச்சுக்கு ஒருக்கா கண் மட்டும் தண்ணிக்கு மேல.

ஏ9 சைக்கிள்:
கெண்டைக்கால் பிடிக்கிறதுக்கு முதல்ல சீற் உயரத்தைப் பாருங்கோ. சுவரில சாஞ்சு ஏறியிருந்து, குதிக்காலைப் பெடலில வைச்சு அதைக் கீழ விட்டா முழங்கால் நேர வரவேணும். வளைஞ்சு நிண்டா சீற் தாழ்வு. இடுப்பு சாய்ஞ்சா சீற் உயரம். உயரமெண்டா பாதத்தை நீட்டி மிதிக்கவேண்டி வரும், கெண்டைக்காலுக்கு ஓய்வே இல்லை. ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றருக்கு மேல மாத்தவேண்டாம்.

அடுத்தது பெரிய கியர். நிமிசத்துக்கு 60 சுத்து மிதிச்சு வந்த கால் ஓட்டத்துக்கு வராது. 80–90 சுத்துக்கு வாற கியரில ஓடுங்கோ. கடைசி 5 நிமிசம் இன்னும் இலகுவான கியர். கிழமைக்கு ஒருக்கா 45 நிமிசம் சைக்கிள், இறங்கி 5 நிமிசத்துக்குள்ள 15 நிமிசம் ஓட்டம். முதல் கிலோமீற்றரை வழமையைவிட 20 செக்கன் மெதுவா, சின்ன அடி வைச்சு ஓடுங்கோ. கால் மரம் மாதிரி இருக்கிறது எல்லாருக்கும் வாறதுதான், பழகப் பழகக் குறையும்.

சோழகக் காலத்தில, தென்மேற்குக் காற்று அடிக்கேக்க, பரந்தன்–முல்லைத்தீவு வீதியில கவனம். முரசுமோட்டை வயல்வெளியில போகேக்க காற்று வலப்பக்கத்தால அடிச்சு வீதிக் கரைக்குத் தள்ளும். திரும்பி வரேக்க இடப்பக்கத்தால அடிச்சு வீதி நடுவுக்கு, வாகனத்துக்குக் கிட்டத் தள்ளும். அந்த நேரம் இரண்டு கையும் கீழ்ப் பிடியில இருக்கட்டும், போத்தல் எடுக்கவேண்டாம். கிளிநொச்சியில இருந்து மாங்குளம் பக்கம் போனா போகேக்க எதிர்க்காற்று, களைச்சு வரேக்க காற்றே தள்ளிவிடும். அதுதான் நீளச் சவாரிக்கு வசதி, ஆனா விடிய 5.30க்கு வெளிக்கிட்டு பஸ், லொறி கூடுறதுக்கு முதல் திரும்பவேணும்.

அறுவடை நேரம் காப்பெற் வீதியில நெல் காயப் போட்டிருப்பினம். அதுக்கு மேல திருப்பவோ பிறேக் பிடிக்கவோ கூடாது, சில்லு வழுக்கும். மண்டையோட்டுப் பலகை (கண்ணிவெடி எச்சரிக்கை) நிக்கிற இடத்தில வீதியை விட்டு ஓரடியும் உள்ள இறங்கவேண்டாம், ஒதுங்கிறதுக்கும்தான்.

நெருஞ்சி முள்ளுக்கு ரியூப் மாத்தினாக் காணாது. ரயரின்ர உள்பக்கம் முழுக்கப் பஞ்சால தடவுங்கோ, முள் நிக்கிற இடத்தில பஞ்சு இழுபடும். அதை எடுக்காமப் புது ரியூப் போட்டா கொஞ்ச நேரத்தில அதே இடத்தில திரும்பக் காற்றுப் போகும்.

முரசுமோட்டை:
நன்றி அண்ணை. சீற் உயரம்தான், குதிக்கால் வைச்சா இடுப்பு சாயுது. அந்த ஒரு கிழமை நல்லது, ஒரு கிழமை மோசம்?

விசுவமடு:
அது பெரும்பாலும் இரண்டு காரணம். மெதுவா ஓடவேண்டிய நாளிலயும் வேகமா ஓடுறது ஒண்டு. கிழமையில கடுமையான நாள் இரண்டு மட்டும். மற்ற நாளில ஓடிக்கொண்டே முழு வசனம் கதைக்க ஏலவேணும். வெயில் ஏறினா வேகத்தைப் பாக்காதேங்கோ, மூச்சைப் பாருங்கோ. மூண்டு கிழமை பயிற்சியைக் கூட்டினா நாலாவது கிழமை மூண்டில் ஒரு பங்கு குறைச்சுக்கொள்ளுங்கோ, உடம்பு நல்லா இருந்தாலும்.

மற்றது தண்ணியும் உப்பும். ஒரு மணித்தியாலம் ஓட முதலும், ஓடி வந்து துடைச்ச பிறகும் நிறை பாருங்கோ. ஒரு கிலோ குறைஞ்சா ஒரு லீற்றர் வேர்வை, இடையில குடிச்சதையும் சேருங்கோ. நிறை கூடியிருந்தா அளவுக்கு மிஞ்சிக் குடிச்சிட்டீங்கள், அதுவும் ஆபத்து. ஒரு லீற்றர் தண்ணிக்கு 5 மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். இளநீர் நல்லதுதான், ஆனா அதில பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. வேர்வையில போறது சோடியம். நீளச் சவாரியில மணித்தியாலத்துக்கு 30–60 கிராம் மாச்சத்து வேணும்: இந்தத் தண்ணியில அரை லீற்றரும் ஒரு வாழைப்பழமும் காணும்.

காலமை எழும்ப முதல் நாடித்துடிப்பை எண்ணி எழுதி வையுங்கோ. வழமையைவிட 7–8 கூடி, இரண்டு மூண்டு நாள் இறங்காட்டி ஓய்வு எடுங்கோ. காய்ச்சல் வந்தா பயிற்சி நிப்பாட்டு. டெங்குவா இருக்கலாம், பரசிற்றமோல் தவிர வேற நோ மாத்திரை, குறிப்பா ஐபுபுறூபன், அஸ்பிரின் போடவேண்டாம். வயல் தண்ணியில, குளத்தில கால் வைச்ச ஆள் எண்டா எலிக்காய்ச்சலும் நினைவில இருக்கட்டும்: அதில கெண்டைக்கால் கடுமையா நோகும், பயிற்சி நோவெண்டு விட்டிட்டு இருப்பினம். காய்ச்சலோட கெண்டைக்கால் நோ எண்டா அண்டைக்கே ஆசுப்பத்திரிக்குப் போய், தண்ணியில நிண்டதையும் டொக்டரிட்டச் சொல்லுங்கோ.