மணிக்கு இவ்வளவு என்றார்கள். நிமிடத்துக்கு எவ்வளவு போயிற்று?

திருவொற்றியூர்ப் பெண்:

கூடுதலாகக் கொடுத்தது 320 ரூபாய்தான். போனால் போகிறது என்று விட்டிருக்கலாம். ஆனால் மூன்று வாரமாகத் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

பின்பக்கச் சுவரை இடித்த கல்லை அள்ளவும் கழிவுநீர்த் தொட்டிக்குப் பள்ளம் எடுக்கவும் ஜேசிபி கூப்பிட்டிருந்தேன். மணிக்கு 1,200 ரூபாய். நிமிடத்துக்கு 20 என்று மனக்கணக்குக்குச் சுலபமாக இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. வேலை தொடங்கும் முன் ஓட்டுநர் தம்பி என்னை மேலே ஏறச் சொல்லி, என்ஜின் எத்தனை மணி ஓடியது என்று காட்டும் மணி மீட்டரைக் காட்டினார். செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னதும் அவரேதான். வேலை முடிந்ததும் மறுபடி காட்டினார். கழித்தால் 1.4. "ஒரு மணி நாற்பது நிமிடம் அக்கா, இரண்டாயிரம் ஆகிறது" என்றார். கொடுத்தேன். டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

இரவு பாத்திரம் துலக்கும்போதுதான் உறைத்தது. ஈரக்கையோடு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு எண்கள் வெள்ளை, கடைசி எண் மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்பு, மணியில் பத்தில் ஒரு பங்கு. அதாவது ஆறு நிமிடம். 1.4 என்றால் 84 நிமிடம். 1,680 ரூபாய்தான் வரும்.

பணத்தைவிட வேறொன்றுதான் உறுத்துகிறது. ஏமாற்ற நினைத்தவர் படம் எடுக்கச் சொல்வாரா? இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

கேட்டடி ஆட்டோ:

வண்டி ஓட்டுகிறவன் என்றாலே முதலில் வருவது 'ஏமாற்றினானா' என்ற கேள்விதான். இருக்கட்டும். ஏமாந்த ஓட்டுநர் கதை ஒன்று சொல்கிறேன்.

2013இல் அரசு சென்னை ஆட்டோக்களின் மீட்டர் கட்டணத்தை மாற்றியது நினைவிருக்கும். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. காத்திருந்தால் ஐந்து நிமிடத்துக்கு மூன்றரை ரூபாய். மீட்டர் போட்டே ஆகவேண்டும் என்று பெரியவர் ஒருவர் ஏறினார். போட்டேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். அந்த கேட்டைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் டேங்கர் வேகன்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து போகின்றன, நின்றுவிடுகின்றன, பின்னால் வருகின்றன. 22 நிமிடம்.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினார். நாலு ஐந்து இருபது. நாலு மூன்றரை பதினான்கு. "மிச்சம் இரண்டு நிமிடம் ஐந்தைத் தொடவில்லையே அப்பா" என்று கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். நீல மை, வியர்வையில் பரவிக்கொண்டிருந்தது. கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. நிமிடத்துக்கு 70 பைசா, மணிக்கு 42 ரூபாய். அந்த 22 நிமிடத்தில் ஆறு கிலோமீட்டர் ஓடியிருந்தால் 72 ரூபாய். 14 ரூபாயை வாங்கிக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் யாராவது பேனாவை எடுத்தால் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

மின்ட் பூத்காரர்:

உங்கள் பெரியவர் செய்தது சரி என்றுதான் நான் சொல்வேன். விதியில் ஐந்து நிமிடம் என்றிருந்தால் ஐந்து நிமிடம்தான். மறுபக்கமாக, ஒரு நொடி தாண்டியதற்கு முழு அளவும் பிடுங்கிய காலத்தை நான் பார்த்திருக்கிறேன்.

மின்ட் பக்கத்தில் அப்பா எஸ்டிடி பூத் வைத்திருந்தார். பள்ளி விட்டதும் நான்தான் கல்லாவில். கட்டணம் நிமிடக் கணக்கில் ஓடாது, பல்ஸ் கணக்கில் தாவும். ஒரு பல்ஸ் என்றால் இத்தனை நொடி; தொடங்கிவிட்டால் முழுக் காசு. தூர ஊர் என்றால் பல்ஸ் குறுகும். இரவு ஆக ஆகக் கட்டணம் பாதியாகி, பிறகு காலாகும். அந்தக் கால் கட்டணத்துக்காக வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும், ஆட்கள் படியில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா வருவார். மகன் பம்பாயில். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒளிரும் சிவப்பு எண்களும் தெரியாது. ஆனால் பேசும்போது இடது கைவிரல்களை மடக்கிக்கொண்டே வருவார். கடைசி விரல் மடங்கியதும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் விட்டு, டக்கென்று வைத்துவிடுவார். எண் தாவியிருக்காது. ஒரு நாள் அவர் வைத்த பிறகுதான் தாவியது. எந்திரம் காட்டிய காசை நான் கேட்டேன். அவர் தன் விரல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். எனக்கு அப்போது பதிமூன்று வயது. வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

2009இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று வந்தபோது ஊரே கொண்டாடியது. நிமிடத்துக்கு 60 பைசா. பேசிய நொடிக்கு மட்டும் காசு. எனக்கு அந்த அம்மாவின் விரல்கள்தான் ஞாபகம் வந்தன.

பெரம்பூர்க் கணக்கர்:

எனக்கும் ஒன்று உண்டு. மணிக்கு 20 ரூபாய் என்ற பிரவுசிங் சென்டரில் 13 நிமிடம் உட்கார்ந்தேன். குறைந்தபட்சம் அரை மணி என்று 10 ரூபாய் வாங்கினார்கள். நிமிடத்துக்கு 33 பைசா என்று நினைத்துப் போனவன் 77 பைசா கொடுத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றே. மணிக்கட்டணத்தை அறுபதால் வகுத்துவிட்டு, அதுதான் நிமிடக் கட்டணம் என்று நம்புகிறீர்கள். மொத்தமாகக் கொடுத்த பணத்தை, உண்மையில் வேலை நடந்த நிமிடங்களால் வகுக்க வேண்டும். சகோதரியின் ஜேசிபியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே 1,200 ரூபாய், ஆனால் குறைந்தபட்சம் இரண்டு மணி என்று பேசியிருந்து, வேலை 50 நிமிடத்தில் முடிந்திருந்தால்? 2,400ஐ 50ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 48 ரூபாய். 20 எங்கே, 48 எங்கே! ஆகவே பேசும்போதே கேட்டுவிட வேண்டும்: நேரம் எங்கிருந்து தொடங்குகிறது? வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தா, நம் வாசலில் நின்றதிலிருந்தா? அந்த மணி மீட்டர் என்ஜின் ஓடினாலே ஓடும். மண் அள்ளினாலும் ஒன்றுதான், ஓட்டுநர் என்ஜினை அணைக்காமல் டீ குடித்தாலும் ஒன்றுதான். (சகோதரி வாங்கிக் கொடுத்த டீ எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று யோசிக்கலாம்.) மிச்ச நிமிடங்களை எப்படி முழுமையாக்குவார்கள்? கால் மணியாகவா, அரை மணியாகவா? ஜெனரேட்டர் வாடகை என்றால் டீசல் சேர்த்தா, தனியா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து...

ஜீரோகேட்:

கணக்கர் ஐயா, தாளில் கையெழுத்து வாங்கி ஜேசிபி கூப்பிட்ட ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. டீயும் வேலை முடிந்த பிறகுதான், ஒழுங்காகப் படியுங்கள்.

டிரெய்லர் ஓட்டுகிறேன். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் விரைவுச் சாலையில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். எங்களுக்கு ஓடினால் டிரிப் கணக்கு, நின்றால் ஹால்டிங் என்ற காத்திருப்புக் காசு. ஒரு தடவை இரண்டு நாள் வரிசை. முன்னால் ஒரு வண்டி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். கண்ணயர்ந்தால் பக்கத்து வண்டி மூக்கை நுழைத்துவிடும். கேனில் இருந்த தண்ணீரில்தான் சமையல், அதில்தான் முகம் கழுவுவதும். அலுவலகத்தில் போய்க் கேட்டால் முதல் 24 மணி நேரம் கணக்கில் வராதாம். இரண்டாம் நாளுக்கு 500 ரூபாய். நீங்கள் சொன்ன மாதிரியே வகுத்துப் பார்த்தேன். 2,880 நிமிடம். நிமிடத்துக்கு 17 பைசா.

ஆட்டோக்காரருக்கு 70 பைசா கிடைத்திருக்கிறது. கொடுத்து வைத்தவர்.

கேட்டடி ஆட்டோ:

70 இல்லை. அந்த இரண்டு நிமிடத்தையும் சேர்த்தால் 64 பைசாதான்.

திருவொற்றியூர்ப் பெண்:

நேற்று அதே ஜேசிபி அடுத்த தெருவில் மழைநீர்க் கால்வாய் தோண்டிக்கொண்டிருந்தது. போய் நின்றேன். அவரே இறங்கி வந்தார். "புள்ளி நான்கு என்றால் இருபத்துநாலு நிமிடம் தம்பி, நாற்பது இல்லை" என்றேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. வண்டியின் மண்வாளியில் ஒட்டியிருந்த ஈரமண்ணில் விரலால் 1.4 என்று எழுதிப் பார்த்தார்.

"சரி, புள்ளி எட்டு வந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு மணி எண்பது நிமிடமா?" என்று கேட்டேன்.

"ஆறுக்கு மேலே போனால் அடுத்த மணியாகப் போட்டுவிடுவேன் அக்கா. முன்பு இருந்தவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்."

320 ரூபாயை நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவரிடம் இருக்காது. வசூல் அன்றைக்கே வண்டி முதலாளிக்குப் போய்விடுகிறது. அவருக்கு நாள் பேட்டாதானாம், எத்தனை மணி ஓடினாலும்.