பதில்: ‘அனானிமஸ்’ கருத்தாய்வுக்குத் தமிழ் – ‘பெயரிலி’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

‘அனானிமஸ் சர்வே’, அதாவது பதில் தருபவர் யாரென்று தெரியாத கருத்தாய்வு, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்ட இந்த இழையில் ‘பெயரிலி’க்குத்தான் ஆதரவு கூடிவருகிறது. வலைப்பதிவுக் காலத்திலிருந்து நமக்குப் பழகிய சொல், பின்னூட்டத்துக்குப் பொருத்தமான சொல். ஆனால் இணையவழிக் கருத்தாய்வுப் படிவத்தில் அதைப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. படிவத்தில் இருக்கும் சொல் ஒரு வாக்குறுதி. தன்னை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பித்தான் ஒரு பெண் வீட்டில் நடக்கும் அடிதடி பற்றியோ, முதலாளி தராத சம்பளம் பற்றியோ எழுதுவார். பெயரைக் கேட்கவில்லை என்பதால் மட்டும் அந்த நம்பிக்கை காப்பாற்றப்பட்டுவிடாது.

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுத் தரவைப் பெயரை நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் அதில் இருந்தன. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, அதே மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி இரண்டையும் பொருத்திப் பார்த்தார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவு கையில் கிடைத்துவிட்டது. பட்டியலில் அவர் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் ஆறு பேர், அதில் ஆண்கள் மூவர், அவருடைய அஞ்சல் குறியீட்டில் அவர் ஒருவர்தான். அந்தத் தரவும் ‘பெயரிலி’தான்!

நம் ஊர்ப் படிவங்களில் வட்டம், வயது, சாதி, வேலை எல்லாவற்றையும் கேட்கிறோம். ‘குன்னூர் வட்டம், 58 வயது, பெண், கால்நடை மருத்துவர்’ என்று ஒரு வரி இருந்தால் அங்கே டீக்கடையில் நிற்பவரே ஆளைச் சொல்லிவிடுவார்.

அதனால் சொல்லில் ‘பெயர்’ வேண்டாம், ‘ஆள்’ வரட்டும். நண்பர் ஒருவர் தந்த ‘ஆளறியாத் தரவு’ ஓசையில் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆளுக்கே தெரியாமல் எடுத்த தரவு என்றும் அதைப் படிக்கலாம். நாம் சொல்ல வருவதற்கு நேர் எதிர். என் பரிந்துரை ‘ஆள்தெரியாத் தரவு’, ‘ஆள்தெரியாக் கருத்தாய்வு’. ‘ஆள் தெரியவில்லை’ என்று எல்லோரும் பேசுவதுதான், விளக்கம் தேவைப்படாது. (ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். ‘த்’, ‘க்’ என்கிற ஒற்றெழுத்தை விட்டுவிடாதீர்கள்.)

இன்னொரு வகைத் தரவு உண்டு. பெயருக்குப் பதில் ‘ப-17’ என்று ஒரு குறி இருக்கும். ப-17 யார் என்கிற பட்டியல் ஆய்வாளரிடம் தனியாக இருக்கும். இதையும் ‘பெயரிலி’ என்றே எழுதிவருகிறோம். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுக் காப்பு ஒழுங்குமுறை இதைத் தனிநபர் தரவாகவே கருதுகிறது. உண்மையிலேயே ஆள்தெரியாத் தரவைத்தான் தன் வரம்புக்கு வெளியே விடுகிறது. இதற்கு ‘மாற்றுக்குறியிட்ட தரவு’ என்று தனிச் சொல் வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சம்மதம் இதில்தான் மாட்டிக்கொள்கிறது. பதில் தந்தவர் ஒரு வாரம் கழித்து ‘என் பதிலை எடுத்துவிடுங்கள்’ என்று கேட்கிறார். மாற்றுக்குறியிட்ட தரவு என்றால் பட்டியலைப் பார்த்து நீக்கலாம். ஆள்தெரியாத் தரவில் எது அவருடையது என்று ஆய்வாளருக்கே தெரியாது, நீக்க முடியாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆராய்ச்சிக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு, சரி. ஆனால் விலக்கைக் காட்டி மனிதர்களிடம் விவரத்தை மறைப்பது முறையா?

‘இன்ஃபார்ம்டு கன்சென்ட்’, அதாவது விவரம் தெரிந்து தரும் சம்மதம், இதற்கு ‘ஒப்புதல்’ என்று சொல்வது பற்றி: மேலதிகாரி கோப்பில் தருவது ஒப்புதல். குற்றத்தை ஏற்றுத் தருவது ஒப்புதல் வாக்குமூலம். இரண்டின் வாடையும் படிவத்தில் வேண்டாம். ‘இசைவு’ நல்ல தமிழ்தான், ஆனால் ‘உங்களுக்குச் சம்மதமா?’ என்றுதான் ஊரில் கேட்கிறோம். ‘விவரமறிந்த சம்மதம்’ போதும்.

அப்புறம், கூகுள் படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் அமைப்பை இயக்கிவிட்டு மேலே ‘ஆள்தெரியாக் கருத்தாய்வு’ என்று எழுதக் கூடாது. அது பொய்.

படிவத்தின் முதல் பக்கத்துக்கு, தரவின் வகைக்கு ஒன்றாக இரண்டு வாசகங்கள் எழுதியிருக்கிறேன். திருத்தித் தாருங்கள்:

“இது ஆள்தெரியாக் கருத்தாய்வு. பதிலை அனுப்பிய பிறகு எது உங்களுடையது என்று எங்களுக்கே தெரியாது. ஆகவே அதை நீக்கித் தர இயலாது. அனுப்பும் முன் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.”

“உங்கள் பதில் மாற்றுக்குறியிட்டு வைக்கப்படும். பெயர்ப் பட்டியலை அழிக்கும் நாள் கீழே உள்ளது. அதற்குள் கேட்டால் உங்கள் பதிலை நீக்கிவிடுவோம்.”