எண்ணூர் முகத்துவாரம்: தண்ணீரில் கரைந்திருக்கும் எண்ணெயையும் சோதிக்கக் கோருவோம்

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்துக்குள் புகுந்தபோதும், நாம் இங்கே கலங்கிப் பேசியதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த கருப்பு எண்ணெயைப் பற்றித்தான். அதையாவது வாளியால் அள்ள முடிந்தது. நீரில் கரைந்த பங்கை எவராலும் அள்ள முடியாது.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது முழு உண்மையன்று. எண்ணெயில் உள்ள பென்சீன் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 1.8 கிராம் வரை கரையும், ஆனால் மேற்பரப்பிலிருந்து விரைவில் ஆவியாகிவிடும். பாச்சை உருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் 30 மில்லிகிராம் அளவுக்கே கரையும். மூலக்கூறில் கார்பன் வளையங்கள் கூடக்கூடக் கரைதிறன் மேலும் குறைவதால், அத்தகையவை மண் துகள்களைப் பற்றிக்கொண்டு அடியில் படிகின்றன. ஆகவே, மேல்நீர் தெளிந்துவிட்டது என்று நாம் ஆறுதல் கொண்ட பின்னும், சேறு கலங்கும் ஒவ்வொரு முறையும் அவற்றில் ஒரு பங்கு நீருக்குத் திரும்பக்கூடும். அந்தச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

விபத்து மட்டுமே மூலம் அன்று. ஆலைக் கழிவு, படகு டீசல், சாலையைக் கழுவி வரும் மழைநீர், புகையிலிருந்து படியும் கரி ஆகியவையும் சேர்கின்றன; கடலின் நுண்பாசிகளே 15, 17 கார்பன் அணுக்கள் கொண்ட ஹைட்ரோகார்பன்களை (எண்ணெயில் இருப்பது போன்ற, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த பொருள்களை) உண்டாக்குகின்றன. எனவே மொத்த அளவை மட்டும் சொல்லும் அறிக்கை நமக்குப் போதாது. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் காட்ட வேண்டும். மூன்று வளையங்கள் கொண்ட ஃபீனாந்திரீன், ஆந்த்ரசீன் என்ற இரு பொருள்களில் முன்னது பின்னதைப் போல் எத்தனை மடங்கு என்ற விகிதம் 10க்கு மேல் இருந்தால் பெட்ரோலியம் என்றும், குறைந்தால் எரிபுகை என்றும் பொதுவாகக் கொள்வர். அந்த ஒரு விகிதத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது.

இடமும் நேரமும் அளவை மாற்றும். கடல் வற்றத்தின்போது கழிமுக நீர் வெளியே வரும். ஏற்றத்தின்போது கடல்நீர் உள்ளே ஏறி அதை நீர்க்கச் செய்யும். ஆதலால் முகத்துவாரத்தில் இரு வேளையும், கடலுக்குள் சில இடங்களிலும், மழைக்கு முன்னும் பின்னும் நீர் மாதிரி எடுக்க வேண்டும். மேலே மிதக்கும் படலம் கலந்துவிடாமல் சுமார் 1 மீட்டர் ஆழத்தில், பிளாஸ்டிக்கில் அன்றி நிறக் கண்ணாடிப் புட்டியில் எடுப்பதே முறை.

ஊர்ப் பெரியவர்களுடன் பேசி இடங்களை முடிவு செய்ய, அடுத்த இணையக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.